எரிமலை இல்லாத ஊரில் எரிமலைப் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிமலை இல்லை. மலை என்று சொல்லத்தக்கதும் இல்லை. கீரிமலை என்ற ஊர்ப்பெயரோடு நமது மலைச்செல்வம் முடிந்துவிடுகிறது. நம் காலடியில் இருப்பது மயோசீன் காலத்துக் கடலின் அடியிலே படிந்து இறுகிய சுண்ணக்கல். அதனைத் துளைத்து நன்னீர் எடுத்தோம். சுட்டுச் சுண்ணாம்பு செய்தோம். காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை அரைத்துச் சீமெந்து ஆக்கினோம். நெருப்பிலே பிறந்த கல்லைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியருக்குப் பாடநூலிலுள்ள படத்தை விட்டால் வேறு கதி இல்லை.

இத்தகைய ஊரிலே ஆண்டுதோறும் புவியியல் வகுப்பில் எரிமலைப் பாடம் நடக்கிறது. கரும்பலகையில் ஒரு கூம்பு வரையப்படுகிறது. அடியிலே பாறைக்குழம்பு, நடுவே ஒரு குழாய், உச்சியிலே வாய், வாயிலிருந்து புகை. உயிர்ப்புள்ளது, உறங்குவது, அவிந்தது என மூவகை. நன்மைகள் நான்கு, தீமைகள் நான்கு. தீமைகளின் வரிசையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ ‘உயிரிழப்பு ஏற்படும்’ என்று ஒரு வரி. பிள்ளைகள் அதனைப் பாடமாக்குகிறார்கள்; சோதினையில் எழுதுகிறார்கள்; புள்ளியும் கிடைக்கிறது.

வடமராட்சிக் கரையோரப் பாடசாலை ஒன்றில் இப்பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாளாம்: “எங்கட இடத்தில எரிமலை வராதுதானே சேர், அப்ப இதை ஏன் நாங்கள் படிக்கவேணும்?” வகுப்பு சிரித்தது. படிப்பித்துக்கொண்டிருந்த நம் நண்பர், “சோதினைக்கு வரும், இரு” என்று சொல்லித் தப்பிக்கொண்டார். அன்று மாலை அதை நம்மிடம் சொன்னபோது அவருக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் ஒரு பங்கு நமக்கும் உண்டு என்பதால் இதனை எழுதுகிறோம்.

ஏனெனில் அப்பிள்ளை கேட்டது புவியியற் கேள்வி அன்று, அறவியற் கேள்வி. நமக்கு நேராத ஆபத்தை நாம் ஏன் அறியவேண்டும்? அறிந்தபின் அந்த அறிவு நம்மிடம் எதைக் கேட்கிறது? சோதினைக்கு வரும் என்பது பதில் ஆகாது. பொது அறிவு வளரும் என்பது சற்றே மேலான பதில். எனினும் அறிவை நகைபோல் அணிந்துகொள்ளச் சொல்லும் பதில். அங்கே மாண்ட மக்களுக்காக நெஞ்சு இரங்கும் என்று சிலர் சொல்வர். இரக்கம் நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. இரங்குபவன் எப்போதும் கரையிலே நிற்கிறான். இரங்கப்படுபவன் வெள்ளத்திலே கிடக்கிறான். தான் நிற்கும் கரை என்றும் கரையாகவே இருக்கும் என்ற நம்பிக்கை அந்த இரக்கத்தின் அடியிலே ஒளிந்திருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, பூரணை தினத்து ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நமக்கு அந்தக் கரை இல்லாமற் போயிற்று.

கிழக்கே பார்ப்போம். நாம் நிற்கும் நிலத்தைத் தாங்கும் இந்தியத் தகடும் அதற்கு அயலிலுள்ள அவுஸ்திரேலியத் தகடும், அந்தமான் முதல் சுமாத்திரா, யாவா வரை வளைந்து கிடக்கும் ஆழ்கடற் பள்ளத்திலே மற்றொரு தகட்டின் அடியிற் புகுகின்றன. புகும் தகடு ஆழத்திலே நீரை விடுகிறது. அந்நீர் மேலேயுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. உருகிய குழம்பு மேலெழுந்து எரிமலை வரிசையாகிறது. கிரகட்டோவா, தம்போரா, மெராப்பி, அந்தமான் கடலிலே 1991 முதல் இடையிடையே புகையும் பரன் தீவு எல்லாம் அந்த வரிசையைச் சேர்ந்தவை. புகும் இடத்திலே இரு தகடுகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நெடுங்காலம் நின்று ஒருநாள் திடீரென விடுபட்டால் நிலநடுக்கமும் கடற்கோளும். எனவே எரிமலையும் சுனாமியும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். எரிமலை இங்கே வராது என்று அம்மாணவி சொன்னது சரி. அதன் உடன்பிறப்பு வந்து போயிற்று.

அதற்கு முன்பும் வந்திருக்கிறது. 1883 ஓகஸ்ட் 27ஆந் திகதி கிரகட்டோவா வெடித்தபோது யாவா, சுமாத்திராக் கரைகளில் 36,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது தீயன்று, கடல். அன்றே அந்த அலை இலங்கைக் கரையையும் தொட்டது. காலித் துறைமுகத்தில் நீர் இறங்கியும் ஏறியும் நின்றது. கிழக்கே அறுகங்குடாப் பக்கத்தில் ஒரு பெண் அலையில் அகப்பட்டு இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அடுத்த மாதம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றியது. வானின் உயரத்தில் மிதந்த எரிமலைத் தூசியும் வாயுவும் செய்த வேலை அது. பச்சைச் சூரியனைப் பார்த்துக் கலங்கியவர்களுக்கு அதன் காரணம் ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள ஒரு தீவு என்று தெரிந்திருக்க நியாயமில்லை. முப்பத்தாறாயிரத்தோடு சேர்த்து எண்ணப்படவேண்டிய அந்த ஒரு பெண்ணைப் பற்றி நம் பாடநூல்கள் பேசுவதில்லை. நம்மவர் ஒருவர் கிரகட்டோவாவில் இறந்திருக்கிறார் என்று சொல்லித் தொடங்கினால் அந்த வகுப்பு சிரித்திருக்குமா?

2004க்கு வருவோம். சுமாத்திராவுக்கு அருகே கடலடி பிளந்தது அன்றைய இலங்கை நேரப்படி காலை ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது. கிழக்குக் கரையை முதல் அலை அடைந்தது எட்டரை மணியளவில். இடையிலே ஒன்றரை மணி நேரம். பசிபிக் சமுத்திர எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்துக்குள் நிலநடுக்கத்தை அறிந்து தன் அறிக்கையை விட்டிருந்தது. இந்து சமுத்திர நாடுகளிலே அதைப் பெற்றுக் கரைக்குக் கொண்டுபோக ஓர் ஒழுங்கு இருக்கவில்லை. கிழக்குக் கரை அழிந்து ஒரு மணி நேரம் ஆன பின்பும் அந்தச் செய்தி தெற்கே ஓடிக்கொண்டிருந்த ரயிலை எட்டவில்லை. பெரலியவில் அந்த ரயிலோடு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் போயினர். வடமராட்சி கிழக்கிலே மணற்காடு, உடுத்துறை, ஆழியவளை, கட்டைக்காடு என நீளும் கரையில் ஊர்கள் ஊர்களாக அழிந்தன. ஏற்கெனவே போரினால் பலமுறை இடம்பெயர்ந்து, சமாதான காலம் என்று நம்பிக் கடற்கரைக்குத் திரும்பிக் குடில் போட்டிருந்த மக்கள் அவர்கள்.

அதே காலையிலே நடந்த வேறொன்றையும் சொல்லவேண்டும். சிமெலூ என்ற சிறு தீவு சுமாத்திராவுக்கு மேற்கே, நிலநடுக்கம் பிறந்த இடத்துக்கு மிக அண்மையில் இருக்கிறது. அங்கே அலை வருவதற்கு ஒன்றரை மணி நேரம் இருக்கவில்லை. சில நிமிடங்களே இருந்தன. தீவின் சனத்தொகை 78,000 அளவு. இறந்தவர் ஏழு பேர். 1907ஆம் ஆண்டிலே அத்தீவை ஒரு கடற்கோள் அழித்தது. தப்பியவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்து, நிலம் பெரிதாக ஆடினால், கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நில்லாமல் மேட்டுக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். தாலாட்டாகவும் கதையாகவும் சொன்னார்கள். தொண்ணூற்றேழு ஆண்டுகள் அந்தப் பாடத்துக்கு வேலை வரவில்லை. தொண்ணூற்றேழாவது ஆண்டில் வந்தது. அதே நாளில் தாய்லாந்தின் புக்கெற் கரையில் விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி தில்லி ஸ்மித், கடல் நுரைத்து நடந்துகொள்ளும் விதத்தைக் கண்டு, இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பிற் படித்தது இதுவே என்று பெற்றோரிடம் சொன்னாள். கடற்கரையிலிருந்தோர் அகற்றப்பட்டனர். தன் நாட்டிலே ஒருபோதும் காணாத ஆபத்தைப் பற்றிய பாடத்தை அவளும் படித்திருந்தாள். நம் மாணவியின் கேள்விக்கு நேரான பதில் இதுதான் என்று இங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம்.

முடிக்க முடியவில்லை. ஏனென்றால் அறிவு இருந்தும் மக்கள் இறந்த கதைகளே அதிகம். எரிமலைப் பாடத்தின் கனமான பகுதியும் அதுதான்.

கொலம்பியாவிலே ஆர்மெரோ என்று பருத்தி விளையும் ஒரு செழித்த நகரம் இருந்தது. அதற்கு மேற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் தொலைவில் பனி மூடிய நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை. 1985இல் அது ஓராண்டாகப் புகைந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் விஞ்ஞானிகள் ஆபத்து வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். மலை வெடித்தால் பனி உருகிச் சேற்றுவெள்ளமாகப் பள்ளத்தாக்கு வழியே இறங்கும் என்பதும், அந்த வழியில் ஆர்மெரோ இருக்கிறது என்பதும் அதிலே காட்டப்பட்டிருந்தன. 1845இல் அதே இடத்திலே அதே விதமாய் ஆயிரம் பேரளவில் இறந்த வரலாறும் இருந்தது. நகரமே பழைய சேற்றின் மீதுதான் எழுந்திருந்தது. நவம்பர் 13ஆந் திகதி மாலையில் நகரத்தின் மீது சாம்பல் பொழிந்தது. வீட்டுக்குள் அமைதியாக இருங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. இரவு ஒன்பது மணி கடந்து மலை வெடித்தது. பதினொன்றரை மணியளவில் சேறு நகரத்தை அடைந்தது. இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெடிப்புக்கும் சேறு வந்து சேர்ந்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அருகே இருந்த மேட்டு நிலத்துக்கு நடந்து போயிருக்கலாம்.

நமக்கு இருந்தது ஒன்றரை மணி நேரம், அவர்களுக்கு இரண்டரை. நமக்கு வரைபடம் இருக்கவில்லை, அவர்களுக்கு இருந்தது. முடிவிலே இரண்டும் ஒன்றுபோலவே ஆயின. வரைபடம் வரைந்தவரின் மேசைக்கும் பருத்திக்காட்டுக் கூலியாளின் வாசலுக்கும் இடையே உள்ள தூரம், மலைக்கும் நகரத்துக்கும் உள்ள தூரத்தைவிட அதிகமாக இருந்தது. அந்தத் தூரத்தை அளக்க எந்தப் பாடநூலும் கற்பிப்பதில்லை.

ஆசிரியர்களாகிய நாம் தனியே எடுத்து நினைக்கவேண்டிய மற்றொரு நகரம் சென் பியேர். கரிபியன் கடலிலே பிரெஞ்சுக் குடியேற்றமான மார்த்தினிக் தீவில், பெலே மலையின் அடிவாரத்தில், கரும்பும் ‘றம்’ மதுவும் வணிகம் செய்து செழித்த நகரம். 1902 ஏப்ரலிலிருந்து மலை புகைந்தது. கந்தக நாற்றம் தெருக்களிலே நிறைந்தது. மே 5ஆந் திகதி சேற்றுவெள்ளம் கரையோரக் கரும்பாலை ஒன்றைத் தொழிலாளரோடு மூடியது. நாட்டுப்புறத்து மக்கள் பாதுகாப்புத் தேடி நகரத்துக்குள் வந்தார்கள். சட்டசபைத் தேர்தலின் இரண்டாஞ் சுற்று மே 11ஆந் திகதி நடக்க இருந்தது. ஆளுநர் ஒரு குழுவை அமைத்தார். மலையின் வாயும் பள்ளத்தாக்குகளும் அமைந்திருக்கும் விதத்தைப் பார்க்கும்போது நகரத்துக்கு ஆபத்தில்லை என்று குழு முடிவு சொன்னது. நகரத்துப் பத்திரிகையும் அப்படியே எழுதியது. மே 8ஆந் திகதி காலை எட்டு மணி கடந்து, மலையின் பக்கத்திலிருந்து புறப்பட்ட கொதிக்கும் வாயுவும் சாம்பலும் சேர்ந்த முகில் சில நிமிடங்களில் நகரத்தை எரித்தது. 28,000 பேரளவில் மாண்டனர். மக்களுக்கு நம்பிக்கையூட்டத் தம் மனைவியோடு நகரத்துக்கு வந்திருந்த ஆளுநரும் மாண்டார். தப்பிய மிகச் சிலருள் ஒருவர் சிறையின் தடித்த சுவர் அறையிலே பூட்டப்பட்டிருந்த கறுப்பினக் கூலித் தொழிலாளி. அவரைப் பின்னர் அமெரிக்க சர்க்கஸ் ஒன்று ஊரூராகக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தது. அந்த நாகரிகத்தைப் பற்றி மேலும் சொல்ல என்ன இருக்கிறது!

நாம் சொல்லவந்தது அக்குழுவிலிருந்த ஒருவரைப் பற்றி. அவர் பெயர் கஸ்தோன் லாந்த். சென் பியேர் உயர்தரப் பாடசாலையில் இயற்கை விஞ்ஞான ஆசிரியர். அவரும் அந்த நெருப்பிலேயே இறந்தார்.

அவரைக் கயவர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சொல்வது நீதியும் ஆகாது. தம் உயிரையே அந்த முடிவின்மேல் வைத்து நகரத்தில் இருந்தவர். எரிமுகில் என்ற அந்நிகழ்வை அதுவரை விஞ்ஞானம் சரியாக விளங்கியிருக்கவில்லை. பெலே மலைக்குப் பிறகே அது ஆராயப்பட்டது. குழம்பு பள்ளத்தைத் தேடி ஓடும் என்று அவருடைய கூம்புப் படம் சொன்னது, பள்ளங்கள் கடலுக்குத் திறந்திருந்தன, ஆகவே ஆபத்தில்லை. தாம் கற்பித்த பாடத்தை நம்பியே அவர் முடிவு சொன்னார். ஆனால் ஆளுகின்றவர்களுக்கு அவ்வேளையில் வேண்டியிருந்தது மக்கள் இருந்த இடத்தில் இருப்பது. வேண்டிய விடை ஓர் ஆசிரியரின் வாயிலிருந்து கிடைத்தது. தெரியாது என்ற ஒரு சொல்லை அவர் சொல்லியிருந்தால்? ‘இந்த மலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது, தெரியாதபோது விலகியிருப்பதே புத்தி’ என்று சொல்லியிருந்தால் நகரம் முழுவதும் போயிராது, சில ஆயிரம் பேராவது போயிருப்பார்கள். வகுப்பறையிலே ‘தெரியாது’ என்று சொல்ல அஞ்சும் நாம், அதிகாரத்தின் முன்னே அதைச் சொல்ல எங்கே பழகப் போகிறோம்?

இனி, மக்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி. எரிமலைப் பாடம் நடக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் இது எழும். யாவாவின் மெராப்பி மலைச்சரிவில் உழவர் நெருங்கி வாழ்கிறார்கள். 2010இல் அது வெடித்து முந்நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்ற பின்பும் திரும்பிப் போனார்கள். பாடநூல் ‘மண் வளமானது’ என்று நன்மைகளின் பட்டியலிலே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. அது பாதி உண்மை. வளமான மண் என்பதோடு, வேறிடத்தில் மண் இல்லை என்பதும் மறுபாதி. மாடும் புல்லும் விதையும் அந்தச் சரிவிலேதான் இருக்கின்றன. மூடர், விதியை நம்புவோர் என்று அவர்களைப் பற்றி எழுதுவது சமவெளியில் சம்பளம் வாங்குவோருக்கு எளிது.

நம் கடற்றொழிலாளரை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். சுனாமிக்குப் பின் அரசாங்கம் கரையோரத்திலே கட்டடம் கூடாத வலயம் ஒன்றை அறிவித்தது: தெற்கிலும் மேற்கிலும் நூறு மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் இருநூறு மீற்றர். உயிரைக் காக்கும் ஏற்பாடு என்றே அது சொல்லப்பட்டது. வள்ளத்தையும் வலையையும் கரையிலே விட்டுவிட்டு இருநூறு மீற்றருக்கு அப்பால் படுத்துறங்கும் மீனவன் எப்படித் தொழில் செய்வான் என்று கேட்டவர்கள் சிலர். பெருஞ் சேதமுறாத விடுதிகள் அதே வலயத்துள்ளே தொடர்ந்திருக்க இடம் இருந்தது என்பதையும் மறக்கவேண்டாம். வடக்கு கிழக்கிலே நிவாரணத்தைப் பகிர்வதற்கான பொதுக்கட்டமைப்பு 2005 ஜூனிலே கைச்சாத்தாகி, அடுத்த மாதமே நீதிமன்றத் தடையுத்தரவினால் முடங்கியது. அலை எல்லோரையும் ஒரே மாதிரி அடித்தது என்று அந்நாளில் மேடைகளிலே பேசினார்கள். அலை போன பிறகு வந்தவை எல்லோருக்கும் ஒரே மாதிரி வரவில்லை.

இன்னும் கசப்பான உதாரணம் மலையகத்தில் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையிலே கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது எரிமலை அன்று. நமது தேயிலை மலை. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஆர்மெரோவைப் போல இங்கும் வரைபடம் இருந்தது, அறிவு இருந்தது. லயத்துக் காம்பிராவை விட்டால் ஒரு துண்டு நிலம் சொந்தமில்லாதவனிடம் ‘விலகிப் போ’ என்ற அறிவை நீட்டினால் அவன் எங்கே போவான்? வீடும் நிலமும் கொடாமற் கொடுக்கும் எச்சரிக்கை, கொடுத்தவனின் மனச்சாட்சிக்கு மட்டுமே உதவும்.

ஆகவே, எரிமலை ஆபத்தைக் கற்பிப்பது என்பது மக்களுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவைக் கற்பிப்பது என்று நாம் துணிந்து சொல்கிறோம். கூம்பை வரைந்தபின் அதன் அடிவாரத்திலே வீடுகளையும் வரையவேண்டும். யாருடைய வீடு ஆற்றுப்பள்ளத்தில், யாருடையது மேட்டில், வண்டி யாரிடம், கடன் யாருக்கு, வயலை விட்டுப் போனால் திரும்பி வரும்போது அது யார் கையில் இருக்கும் என்று கேட்கவேண்டும்.

ஆனால் இவ்விடத்தில் நம் சொந்த அணியினருக்கும் ஒரு சொல். 1755இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தபோது வோல்த்தேர் இயற்கையையும் இறைவனையும் நோக்கிக் கேள்வி தொடுத்தார். மறு ஆண்டு ரூசோ அவருக்கு எழுதிய கடிதத்தில், ஆறேழு மாடி வீடுகளை அங்கே நெருக்கி எழுப்பியது இயற்கையன்று என்று வாதித்தார். அன்று முதல் முற்போக்காளருக்கு அது இனிமையான வாதம். அனர்த்தம் எல்லாம் சமூகத்தின் குற்றம், இயற்கை நிரபராதி. கேட்கக் கம்பீரமாயிருக்கிறது. மணற்காட்டிலே ஆறு மாடி வீடு இருந்ததா? பனையோலைக் குடிலும் போயிற்று, கல்வீடும் போயிற்று. பெலே மலையின் முகில் ஆளுநரையும் கூலியாளையும் பார்த்து எரிக்கவில்லை. மனிதரால் தடுக்க முடியாத பெருவலிமை உலகத்தில் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளாத பொருள்முதல்வாதம் என்ன பொருள்முதல்வாதம்? எங்கே இயற்கை முடிந்து எங்கே மனிதர் செய்தது தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு நிகழ்விலும் புதிதாகத் தேடிக் காணவேண்டும். தேடாமற் சொன்னால், ‘தீமைகள் நான்கு’ என்பதற்குப் பதிலாக ‘காரணம் முதலாளித்துவம்’ என்று பிள்ளைகளைப் பாடமாக்கச் செய்தவர்களாவோம். சோதினைக்கு அதுவும் போதும்.

1991இலே பிலிப்பைன்ஸ் நாட்டில் பினதுபோ மலை வெடித்த கதை, இவ்வகை எளிய முடிவு எதற்கும் அடங்காது. அங்கே விஞ்ஞானிகள் முன்கூட்டியே அளந்தார்கள். நம்பாத அதிகாரிகளையும் மக்களையும் நம்பவைக்க ஒரு படத்தைத் திரையிட்டார்கள். ஆர்மெரோவின் துயரத்தைக் கண்ட மொறிஸ், காதியா கிராப்ற் என்ற பிரெஞ்சுத் தம்பதியர், எரிமலை எவ்வெவ் விதமாக மனிதரைக் கொல்லும் என்பதை எல்லோருக்கும் விளங்கும்படி காட்டுவதற்கென்றே எடுத்த படங்களிலிருந்து தொகுத்த படம் அது. ஜூன் 3ஆந் திகதி அவ்விருவரும் யப்பானின் உன்சென் மலையில் எரிமுகிலுக்குள் அகப்பட்டு மாண்டனர். பன்னிரண்டு நாட்களின் பின், ஜூன் 15ஆந் திகதி, பினதுபோ முழுவலியோடு வெடித்தது. அதற்குள் பல்லாயிரம் பேர் அகற்றப்பட்டிருந்தார்கள்; குறைந்தது ஐயாயிரம் உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். ஆசிரியர் இறந்தபின்பும் பாடம் வேலை செய்தது.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. மலையிலே காலங்காலமாக வாழ்ந்த ஆயெத்தா என்ற ஆதிக்குடி மக்கள், நெருப்பிலிருந்து தப்பி முகாம்களுக்கு வந்தபின், அங்கே பரவிய சின்னமுத்து முதலிய நோய்களுக்குத் தம் பிள்ளைகளைப் பெருந்தொகையாகப் பறிகொடுத்தார்கள். நெடுங்காலம் அவர்களை இழிவாக நடத்திய சமவெளிச் சமூகத்தின் மருந்தை அவர்களால் நம்ப முடியவில்லை. மலையின் நடத்தையை அளந்த கருவிகள் சிறந்தவை. அந்த நம்பிக்கையீனத்தை அளக்க யாரும் ஒரு கருவி வைக்கவில்லை. முகாம் வாழ்வு என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. எரிமலைப் பாடத்தின் இந்தப் பக்கத்தை உலகத்தின் எந்த வகுப்பறையையும்விடக் குடாநாட்டின் வகுப்பறை விரைவாக விளங்கிக்கொள்ளும்.

சில ஆசிரியர்கள் வேறொரு தயக்கத்தைச் சொல்கிறார்கள். கடலிலே உறவுகளை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் எடுத்துப் பேசி அவர்களை ஏன் பயமுறுத்தவேண்டும்? மதிக்கத்தக்க தயக்கம். ஆனால் இன்று பதினைந்து வயதுள்ள பிள்ளை 2004இல் பிறந்திருக்கவில்லை. அவளுக்கு அது ஆண்டுக்கொருமுறை நினைவுத்தூணிலே விளக்கேற்றும் நாள். தாயும் பேத்தியாரும் பேச விரும்பாத ஏதோ ஒன்று. பேசாமையினாலே பயம் போவதில்லை. உருவம் இல்லாத பயமாக வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சிமெலூவின் தாய்மாருக்கும் 1907இலே பிள்ளைகள் செத்துத்தான் இருந்தார்கள்.

நம் நண்பர் அடுத்த தவணையிலே அதே வகுப்புக்கு அந்தப் பாடத்தை மறுபடியும் எடுத்தார். பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. வேறொரு பாடவேளையிலிருந்து திருடிக்கொண்டதாகச் சொன்னார். இம்முறை கூம்பு வரையவில்லை. கரும்பலகையின் ஒரு மூலையிலே 6.58 என்றும் மறு மூலையிலே 8.30 என்றும் எழுதிவிட்டு, இதற்கிடையில் என்ன செய்திருக்கலாம் என்று கேட்டார். ஓடியிருக்கலாம் என்றான் ஒருவன். “ஆரும் சொல்லேல்லையே, எப்பிடித் தெரியும்?” என்றான் மற்றொருவன். எங்கே ஓடுவது என்று நண்பர் கேட்டார். வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி. இடையிலே ஒடுங்கிய தரை. மேடு என்று எதுவும் அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

முன்பு கேள்வி கேட்ட அதே மாணவிதான் கடைசியிலே எழுந்தாள்.

“மணற்காட்டில மணல்திட்டி இருக்குத்தானே சேர். எங்களுக்கு மலையெண்டு இருக்கிறது அது ஒண்டுதான். அதையும் இப்ப இரவிரவா டிப்பரில ஏத்திக்கொண்டெல்லோ போறாங்கள்.”